சங்கிலியிலிருந்து தொடங்கும் கணக்கு: சிறிய காருக்கு றிம், ரயர், பனிச்சங்கிலி

சுவிற்சர்லாந்தின் கிறவுபுண்டன் மாநிலத்தில் 2284 மீற்றர் உயரத்தில் இருக்கும் யூலியர் கணவாய், குளிர்காலத்திலும் போக்குவரத்துக்குத் திறந்திருக்கும் மலைப்பாதைகளுள் ஒன்று. பனி விடாமல் கொட்டும் நாட்களில், ஏற்றம் தொடங்கும் இடத்தில் நீல வட்டத்துக்குள் சங்கிலி சுற்றிய ரயரின் படம் தெரியும். அந்தப் பலகை ஆலோசனை சொல்வதற்காக வைக்கப்பட்டதல்ல. காரை இயக்கும் அச்சின் இரு சில்லுகளிலும் சங்கிலி பூட்டாமல் அதைத் தாண்டக் கூடாது. நான்கு சில்லும் இயங்கும் வாகனங்களுக்கு விலக்கு உண்டென்றால் அது கீழே தனிச் சிறு பலகையில் எழுதப்பட்டிருக்கும்.

சில குளிர்காலங்களுக்கு முன்னர் அப்படியொரு பலகைக்கு அருகில், கோல்ஃப் காரின் முன் சில்லுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த ஓர் இளைஞரைக் கண்டேன். சங்கிலிப் பெட்டி அன்றுதான் உடைக்கப்பட்டிருந்தது. பெட்டியில் அச்சிடப்பட்டிருந்த அளவும் ரயரில் பொறிக்கப்பட்டிருந்த அளவும் ஒன்றேதான்: 225/40 ஆர் 18. ஆனாலும் சங்கிலி ஏறவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு ரயரின் உட்புறத்தில் கையை விட்டுப் பார்த்தார். ரயருக்கும் அதிர்வுதாங்கிக்கும் இடையே சுண்டுவிரல் மட்டுமே நுழைந்தது. சங்கிலி ரயருக்குப் பொருந்தியது, ஆனால் அந்தச் சங்கிலியைத் தாங்குவதற்குக் காரில் இடமில்லை. அவர் காரைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் செய்த பிழை மலையடியில் நடந்ததல்ல, பல மாதங்களுக்கு முன்னர் றிம் வாங்கிய கடையில் நடந்தது. பெரும்பாலானோர் முதலில் அழகைப் பார்த்து றிம்மைத் தெரிவுசெய்கிறார்கள், பிறகு அந்த றிம்முக்கு ஏற்ற ரயரை வாங்குகிறார்கள், கடைசியாக ரயரின் இலக்கத்தைச் சொல்லிச் சங்கிலி கேட்கிறார்கள். மலைப்பகுதியில் வாழ்பவர்களும் மலைக்கு அடிக்கடி போகிறவர்களும் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இந்தக் காருக்கு எந்த அளவில் சங்கிலி பூட்டலாம் என்பதை முதலில் அறிந்து, அந்த அளவு ரயரைத் தெரிவுசெய்து, அந்த ரயர் ஏறக்கூடிய றிம்மைக் கடைசியில் தேட வேண்டும்.

ஐரோப்பாவில் மிகுதியாக ஓடும் சிறிய கார்களுள் ஒன்றான வொக்ஸ்வாகன் கோல்ஃபையே எடுத்துக்கொள்வோம். 195/65 ஆர் 15, 205/55 ஆர் 16, 225/45 ஆர் 17, 225/40 ஆர் 18 ஆகிய நான்கு அளவுகளும் அந்தக் காரில் வழக்கமாகக் காணப்படுபவை. முதல் எண் ரயரின் அகலத்தை மில்லிமீற்றரில் சொல்கிறது, இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பதைச் சொல்கிறது, கடைசி எண் றிம்மின் விட்டத்தை அங்குலத்தில் சொல்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நான்கின் மொத்த விட்டமும் முறையே ஏறத்தாழ 634.5, 632, 634, 637 மில்லிமீற்றர் வரும். அதாவது சில்லின் வெளி உயரம் அநேகமாக மாறுவதில்லை. வேகமானி பிழையாகக் காட்டாமல் இருப்பதற்கு அது மாறாமல் இருக்கத்தான் வேண்டும். மாறுவது உள்ளே இருக்கும் பங்கீடுதான். 15 அங்குல றிம்மில் பக்கச்சுவர் 127 மில்லிமீற்றர் உயரமாக இருக்கும், 18 அங்குலத்தில் அது 90 மில்லிமீற்றராகக் குறுகிவிடும். அதே நேரத்தில் ரயரின் அகலம் 30 மில்லிமீற்றர் கூடிவிடும்.

அந்தக் கூடுதல் அகலத்தில் ஒரு பகுதி காரின் உட்பக்கமாகப் போகிறது என்பதுதான் இங்கே முக்கியம். முன்சில்லின் உட்புறத்தில் அதிர்வுதாங்கி, பிறேக் எண்ணெய்க் குழாய், சில்லின் சுழற்சியை அளக்கும் உணரியின் கம்பி என்பன நெருங்கி இருக்கின்றன. சங்கிலி ஒரு சுற்றில் அவற்றை உரசினால் சத்தம் கேட்கும். பல நூறு சுற்றுகள் உரசினால் பிறேக் குழாயே அறுந்துபோகலாம். ஆகவேதான் கார் தயாரிப்பாளர்கள் எந்த ரயர் அளவில் சங்கிலி அனுமதிக்கப்படுகிறது, சங்கிலியின் கண்ணி எத்தனை மில்லிமீற்றருக்கு மேல் துருத்தக் கூடாது என்பவற்றைக் கைநூலில் எழுதியிருக்கிறார்கள். பல சிறிய கார்களில் அகலமான ரயர்களுக்குச் சங்கிலியே கூடாது என்று இருக்கும், ஒடுங்கிய ரயர்களுக்கும் மெல்லிய கண்ணி மட்டும் என்று இருக்கும். கடையில் 12 மில்லிமீற்றர் கண்ணி, 9 மில்லிமீற்றர் கண்ணி, 7 மில்லிமீற்றர் கண்ணி என்று வெவ்வேறு வகைகள் தொங்குவதற்கு இதுவே காரணம். மெல்லியது விலை கூடியது, விரைவில் தேய்வது. ஆனால் உங்கள் காருக்கு அதுதான் அனுமதி என்றால் அதைத்தான் வாங்க வேண்டும்.

குளிர்காலத்துக்கு ஒடுங்கிய ரயரை நான் பரிந்துரைப்பதற்குச் சங்கிலி மட்டும் காரணமல்ல. புதுப் பனியும் சொதசொதவென்ற பனிச்சேறும் கிடக்கும் தெருவில் ஒடுங்கிய ரயர் அவற்றை வெட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது, அகலமான ரயரோ மேலே ஏறி மிதக்கப் பார்க்கிறது. உயரமான பக்கச்சுவர், பனிக்குள் மறைந்திருக்கும் குழியிலும் நடைபாதை விளிம்பிலும் மோதும்போது றிம்மைக் காப்பாற்றுகிறது. விலையும் குறைவு. காய்ந்த தெருவில் அகலமான ரயர் சற்று உறுதியாக நிற்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தினமும் அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் கடைக்கும் ஓடும் சிறிய காருக்கு, கைநூல் அனுமதிக்கும் மிகச் சிறிய றிம்மும் அதற்குரிய ரயருமே குளிர்காலத்தின் சரியான சோடி.

அந்த மிகச் சிறிய றிம் எது என்பதைப் பிறேக் தட்டு தீர்மானிக்கிறது. ஒரே பெயரில் விற்கப்படும் கார்களிலும் வேகப் பதிப்புகளின் பிறேக் பெரிதாக இருக்கும்; சாதாரண கோல்ஃபில் ஏறும் 15 அங்குல றிம் ஜிடிஐ வகையில் ஏறாது. ஆதலால் அயல்வீட்டுக்காரரிடம் அதே கார் இருக்கிறது என்பதற்காக அவருடைய பழைய சில்லுகளை வாங்குவதற்கு முன்னர், வாகனத்தின் இணக்கச் சான்றிதழில் உள்ள அளவுப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

விட்டம் சரியாக இருந்தாலும் றிம் பொருந்திவிடும் என்று நினைக்கக் கூடாது. போல்ற் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் பொருந்த வேண்டும். கோல்ஃபுக்கு அது 5 துளை, 112 மில்லிமீற்றர். நடுத்துளை 57.1 மில்லிமீற்றர். நடுத்துளை பெரிதாக உள்ள றிம்மை வாங்கினால் இடைவெளியை நிரப்பும் வளையம் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும். றிம்மின் நடுக்கோட்டிலிருந்து காரோடு ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது என்பதை ஈடி என்ற குறியீடு சொல்கிறது. ஈடி 46 இருக்க வேண்டிய இடத்தில் அதே அகலமுள்ள ஈடி 35 றிம்மைப் பூட்டினால் சில்லு 11 மில்லிமீற்றர் வெளியே வரும், மட்காட்டை உரசக்கூடும். ஈடி கூடினால் சில்லு உள்ளே போகும். சங்கிலிக்கு இருந்த கொஞ்ச இடமும் போய்விடும். றிம்மை வாங்குபவர்கள் ஆகக் குறைவாகக் கவனிக்கும் எண் இதுதான், சங்கிலி பூட்டுபவர்களை ஆகக் கூடுதலாகத் துன்புறுத்தும் எண்ணும் இதுதான்.

போல்ற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வொக்ஸ்வாகனின் மூல றிம்களில் போல்ற் அமரும் இடம் உருண்டையாக இருக்கும், வேறு தயாரிப்பாளர்களின் றிம்களில் பெரும்பாலும் கூம்பாக இருக்கும். ஒன்றின் போல்ற்றை மற்றதில் போட்டால் இறுகியது போலத் தோன்றும், ஆனால் விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு பிறகு தளரும். அலுமினியமா, இரும்பா என்ற கேள்விக்கு விடை எளிது: குளிர்காலத் தெருவில் உப்பு தூவுகிறார்கள், மேற்பரப்பைச் சீவிப் பளபளப்பாக்கிய அலுமினிய றிம்களை அந்த உப்பு ஒன்றிரண்டு பருவங்களிலேயே புள்ளி புள்ளியாக அரித்துவிடும். இரும்பு றிம் துருப்பிடிக்கும் என்றாலும் அடி தாங்கும், வளைந்தாலும் மலிவாக மாற்றலாம். முழுவதும் பூச்சுப் பூசிய, குளிர்காலத்துக்கென்றே செய்த அலுமினிய றிம்மும் நல்ல தெரிவுதான்.

இனி ரயர். கோடை ரயரின் இறப்பர் கலவை குளிரில் இறுகி, தெருவின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகும் தன்மையை இழக்கிறது. குளிர்கால ரயரின் கலவை சுழியத்துக்குக் கீழேயும் மென்மையாக இருக்கும்படி செய்யப்படுகிறது. 7 பாகை செல்சியஸ் என்று எல்லாக் கராஜிலும் சொல்லப்படும் எல்லை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் கைக்கணக்கு மாத்திரமே, அந்தப் புள்ளியில் ஒரு ரயர் திடீரென்று மோசமாகி மற்றது திடீரென்று நல்லதாகிவிடுவதில்லை. பனியில் உண்மையான வேறுபாட்டை ஏற்படுத்துவது ரயரின் முகத்தில் ஓடும் பள்ளங்களான தவாளிப்புகளும், ஒவ்வோர் இறப்பர்க் கட்டையிலும் கத்தியால் கீறியது போல இருக்கும் நுண்கீறல்களும்தான். சில்லு உருளும்போது கீறல்கள் விரிந்து நூற்றுக்கணக்கான சிறு விளிம்புகளாகப் பனியைக் கடிக்கின்றன. தவாளிப்புகளில் பனி அடைந்து கொள்கிறது. அடைந்த பனி தெருவில் உள்ள பனியோடு இறப்பரை விட நன்றாக ஒட்டுகிறது. தவாளிப்பில் வெள்ளையாகப் பனி நிறைந்திருப்பதைப் பார்த்து ரயர் கெட்டுவிட்டது என்று தட்டிவிடுபவர்களைக் கண்டிருக்கிறேன், உண்மையில் அது வேலை செய்துகொண்டிருப்பதன் அடையாளம்.

பனிக்கென்று தனி ரயர் செய்யும் எண்ணம் பின்லாந்தில் பிறந்தது. இன்று நொக்கியன் என்ற பெயரில் அறியப்படும் நிறுவனம் 1934 இல் லொறிகளுக்கும் 1936 இல் கார்களுக்கும் குளிர்கால ரயர் செய்தது. இன்றும் வடநாட்டு வகை, மத்திய ஐரோப்பிய வகை என்று இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. வடநாட்டு ரயர் மிக மென்மையானது, பனிக்கட்டியில் சிறப்பாகப் பிடிக்கும், ஆனால் 5 பாகையில் மழை பெய்யும் தெருவில் தள்ளாடும். பேர்ண், சூரிச் போன்ற நகரங்களில் குளிர்காலத்தின் பெரும்பகுதி ஈரத் தெருவாகவே கழிகிறது. அங்கே மத்திய ஐரோப்பிய வகையே ஏற்றது. 2021 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் இருக்கும் ரயர் சீட்டில் பனிக்கு ஓர் அடையாளமும் பனிக்கட்டிக்கு வேறோர் அடையாளமும் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல.

ரயரின் பக்கச்சுவரில் தேட வேண்டிய முத்திரை, மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் கொண்ட படம். பனியில் சோதிக்கப்பட்டு நிர்ணயித்த பிடிமானத்தை எட்டிய ரயருக்கே அது கிடைக்கும். சேற்றையும் பனியையும் குறிக்கும் எம்+எஸ் என்ற எழுத்துகள் அப்படியல்ல, சோதனை எதுவும் இல்லாமலே தயாரிப்பாளர் அவற்றைப் பொறிக்கலாம். ஜேர்மனியில் குளிர்காலத் தெரு நிலைமைகளில் எம்+எஸ் மட்டும் உள்ள ரயர்கள் 2024 ஒக்ரோபர் முதல் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. ஒஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்பிரல் 15 வரை, தெருவில் பனி இருந்தால் குளிர்கால ரயர் கட்டாயம். தவாளிப்பு ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அதை அங்கே குளிர்கால ரயராகவே கருதுவதில்லை. இத்தாலியில் நவம்பர் 15 முதல் ஏப்பிரல் 15 வரை, பலகை இருக்கும் தெருக்களில் குளிர்கால ரயர் அல்லது காருக்குள் சங்கிலி இருக்க வேண்டும்.

சுவிற்சர்லாந்தில் இப்படியொரு பொதுக் கட்டாயம் இல்லை என்பது இங்கே புதிதாக வந்தவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஆனால் வாகனம் பாதுகாப்பான நிலையில் இருக்க வேண்டும், ஓட்டுநர் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று வீதிப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. கோடை ரயரோடு பனியில் மோதியவருக்கு அபராதம் வரலாம், காப்புறுதி நிறுவனம் தான் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை அவரிடமிருந்து திரும்பக் கேட்கலாம். 1980கள் முதல் இங்கு வந்து மலைக்கிராம ஹோட்டல்களின் சமையலறைகளில் விடியற்காலை வேலைக்குப் போன நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பனி அகற்றும் வண்டி வருவதற்கு முன்னரே அவர்கள் தெருவில் இருந்தார்கள். ஒக்ரோபரில் மாற்றி ஈஸ்டருக்குப் பிறகு கழற்றுவது என்ற வழக்கம், ஜேர்மன் மொழியில் இரண்டு சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால், இங்கே எல்லோருடைய வாயிலும் இருக்கிறது.

தவாளிப்பின் ஆழத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 1.6 மில்லிமீற்றர், அதை நம்பிக் குளிர்காலத்தில் ஓடக் கூடாது. புதிய குளிர்கால ரயரில் ஆழம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர். பாதி தேய்ந்ததுமே நுண்கீறல்கள் ஆழமிழந்து, பனியைப் பிடித்துவைக்கும் இடமும் குறைந்துவிடுகிறது. ஆகையால் 4 மில்லிமீற்றரில் மாற்றுங்கள். பழைய ரயர் வாங்குபவர்கள் பக்கச்சுவரில் டொட் என்ற எழுத்துகளின் வரிசையில் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும்: 3821 என்றால் 2021 ஆம் ஆண்டின் 38 ஆவது வாரம் செய்தது. அளவுக்கு அருகில் இருக்கும் 91 என்ற எண் ஒரு ரயர் 615 கிலோ தாங்கும் என்று சொல்கிறது. காருக்குத் தேவையான எண்ணை விடக் குறைந்தது வாங்கக் கூடாது. அந்த எண்ணை அடுத்து வரும், ரயரின் உச்ச வேகத்தைக் குறிக்கும் எழுத்து மட்டும் குளிர்கால ரயரில் குறைந்திருக்கலாம், அப்போது உச்ச வேகத்தை நினைவூட்டும் ஒட்டியை ஓட்டுநர் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும்.

நான்கு சில்லுக்கும் குளிர்கால ரயர் வேண்டும். முன்சில்லு இயக்கமுள்ள காரில் முன்னால் மட்டும் போட்டு மிச்சம் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இறக்கத்தில் வளைவொன்றில் பிறேக் பிடித்தால் முன்பக்கம் நிற்கப் பார்க்கும், பின்பக்கம் அதை முந்தப் பார்க்கும், கார் சுழன்றுவிடும். எல்லாப் பருவ ரயரைப் பொறுத்தவரை, மலைப்படம் பொறித்த நல்ல வகை, சமதளத்தில் வாழ்ந்து குறைவாக ஓடுபவருக்குப் போதும். மலைக்கு ஏறுபவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

சங்கிலியின் கதை 1904 இல் தொடங்குகிறது. நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹரி வீட், சேற்றிலும் பனியிலும் சிக்கிய கார்க்காரர்கள் சில்லில் கயிறு சுற்றுவதைக் கண்டு, அதற்குப் பதிலாக இரும்புச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று சிறிய கார்களுக்கு விற்கப்படும் வகையில் உட்பக்கத்துக்கு வளையக்கூடிய உருக்குக் கம்பி வளையமும், ரயரின் முகத்தில் வைர வடிவில் ஓடும் கண்ணிகளும், வெளிப்பக்கத்தில் இறுக்கும் சங்கிலியும் இருக்கும். ரயரைத் தழுவி நிற்கும் துணி உறைகளும் உண்டு. சிக்கிய இடத்திலிருந்து வெளியேற அவை உதவும், பனி நீங்கிய தார்த் தெருவில் சில கிலோமீற்றர் ஓடினாலே கிழிந்துவிடும்.

சங்கிலி பூட்டப் பழக வேண்டிய இடம் மலையடி அல்ல. ஒக்ரோபர் மாதத்து மாலையொன்றில், எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்தில் நான் முதன்முறையாகப் பூட்டிப் பார்த்தபோது ஒரு சில்லுக்கு 25 நிமிடம் பிடித்தது. கம்பி வளையத்தைப் பாம்பு போலச் சில்லுக்குப் பின்னால் நுழைத்து, இரு முனைகளையும் மேலே கொண்டுவந்து கொளுவி, வளையத்தை ரயரின் தோளுக்கு அப்பால் உள்ளே தள்ளி, பிறகு வெளிப்பக்கக் கொக்கியை மாட்டி இறுக்க வேண்டும். உள்வளையம் ரயரின் முகத்திலேயே தங்கிவிடுவதுதான் எல்லோரும் விடும் பிழை. கையால் சுற்றிவரத் தடவிப் பார்த்தால்தான் அது தெரியும். மூன்றாம் முறை 6 நிமிடத்தில் முடிந்தது. அதன் பிறகு சில மீற்றர் ஓட்டி நிறுத்தி மீண்டும் இறுக்குவது கட்டாயம், ஏனென்றால் முதல் சுற்றுகளில் சங்கிலி தன் இடத்தைத் தேடி அமரும்போது தளர்ந்துவிடும். பெட்டியில் ஒரு பழைய இறப்பர் விரிப்பு, நீர் புகாத கையுறை, தலையில் கட்டும் விளக்கு ஆகிய மூன்றையும் வைத்திருங்கள். சங்கிலி தேவைப்படும் நேரம் அநேகமாக இருட்டியிருக்கும்.

சங்கிலி காரை இயக்கும் அச்சுக்கே உரியது. கோல்ஃபின் சாதாரண வகைகளில் அது முன்பக்கம். அதே நிறுவனத்தின் மின்சாரக் காரான ஐடி.3 இல் மோட்டார் பின்னால் இருப்பதால் சங்கிலி பின்சில்லுக்குப் போக வேண்டும். மின்கலத்தால் எடை கூடிய இந்தக் கார்கள் தொழிற்சாலையிலிருந்தே 18 அங்குல றிம்மோடு வருகின்றன. 15 அங்குலத்துக்கு இறங்கும் வழி அங்கே இல்லை என்பதால் கைநூலின் சங்கிலிப் பக்கத்தைக் கார் வாங்குவதற்கு முன்னரே வாசிப்பது நல்லது. சங்கிலியோடு மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஓடக் கூடாது. பனி முடிந்து தார் தெரிந்ததும் முதல் தரிப்பிடத்தில் கழற்ற வேண்டும்.

சில்லு மாற்றிய பிறகு செய்ய வேண்டிய இரண்டு வேலைகளைக் கராஜில் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓடிய பின் போல்ற்றுகளை முறுக்கு அளவியால் மீண்டும் இறுக்க வேண்டும். எந்த அளவுக்கு இறுக்குவது என்பது காரின் கைநூலில் இருக்கும். அடுத்தது காற்று. 20 பாகை வெப்பமுள்ள கராஜில் 2.4 பார் நிரப்பிய ரயர், வெளியே சுழியத்துக்குக் கீழே 10 பாகையில் கிட்டத்தட்ட 2.05 பாராக இறங்கிவிடும். ஆகவே குளிர்ந்த ரயரில், வெளியில் நின்று அளந்து நிரப்ப வேண்டும், அதன் பிறகே காரின் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவியைப் புதிதாகப் பதியவைக்க வேண்டும்.

பயணம் முடிந்து வந்ததும் சங்கிலியை ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள். இளஞ்சூட்டு நீரில் உப்புப் போக அலசி, நன்றாக உலரவிட்டு, ஒவ்வொரு கண்ணியாக விரலால் உருட்டிப் பார்த்து, ஒரு பக்கம் மெலிந்த கண்ணி இருந்தால் அந்தச் சங்கிலியை அந்தப் பருவத்தோடு ஒதுக்கிவிட வேண்டும். அறுந்த கண்ணி அந்தச் சில்லின் வேகத்திலேயே மட்காட்டின் உட்புறத்தை அடிக்கும், பிறேக் குழாயும் அங்கேதான் இருக்கிறது.